ஒரு வெள்ளியில் மூன்று புள்ளிகள்: சில்லறை சோதிக்கும் மேசை அமைத்த அனுபவம்

என் மைத்துனர் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், இருபது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறார். நாள்தோறும் வெள்ளியும் (டாலர்) காசுமாகச் (சென்ட்) சேரும் சில்லறையை மாதத்துக்கு ஒருமுறை வங்கியின் நாணய வைப்பு இயந்திரத்தில் கொட்டிக் கணக்கில் சேர்ப்பது அவர் வழக்கம். சென்ற தீபாவளிக்குப் பிந்திய வாரத்தில் அப்படிக் கொட்டியபோது, இயந்திரம் 58 நாணயங்களை ஏற்காமல் திருப்பித் தள்ளிவிட்டது. அவர் அவற்றை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்து, "அத்தான், இதில் எத்தனை கள்ளக் காசு என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஜூரோங்கில் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் அளவைச் சோதனைப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை என்று நினைத்துப் போத்தலை வாங்கி வைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் இரண்டு கருவிகளைச் செய்து பார்த்துக் கைவிட்டேன். மூன்றாவது கருவி கடையின் கல்லாப்பெட்டி அருகில் இப்போது தினமும் பயன்பட்டு வருகிறது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தொடக்கத்திலேயே செய்த தவறு காந்தத்தைப் பற்றியது. மறுநாள் காலை கடைக்குச் சென்று, என்னிடமிருந்த நியோடிமியம் காந்தம் ஒன்றைக் கல்லாவில் இருந்த ஒரு வெள்ளி நாணயத்தின் மேல் வைத்தேன், உடனே ஒட்டிக்கொண்டது. ஐம்பது காசும் இருபது காசும் அப்படியே ஒட்டின. நல்ல காசு காந்தத்தில் ஒட்டும், ஒட்டாதது கள்ளக் காசு என்று அந்த நிமிடமே ஒரு விதியை மனத்தில் எழுதிக்கொண்டேன். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் ரொட்டியும் பால்மாவும் வாங்கிவிட்டு, பொன்னிறத்தில் பழைய ஒரு வெள்ளி நாணயம் ஒன்றைக் கொடுத்தார். காந்தம் ஒட்டவில்லை. "இது சந்தேகமாக இருக்கிறது, வேறு கொடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பையில் தேடி வேறு சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவுதான் நாணயங்களின் உலோக விவரங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். 2013 ஜூன் மாதம் வெளியான மூன்றாம் வரிசை நாணயங்கள் பல அடுக்கு முலாம் பூசிய எஃகால் ஆனவை. அவை காந்தத்தில் ஒட்டியே தீரும். அதற்கு முந்திய இரண்டாம் வரிசையிலோ ஒரு வெள்ளி அலுமினிய வெண்கலம், ஐம்பது, இருபது, பத்துக் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை, அவை ஒட்டக்கூடாது. இரண்டு வரிசைகளும் இன்றும் செல்லுபடியாகும் பணம். நான் மறுத்த அந்த நாணயத்தை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. ஒட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, உழைத்துச் சம்பாதித்த ஒரு மனிதரிடம் நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் கடைக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். நாணயத்தை அவர் வேறெங்கோ செலவழித்துவிட்டிருந்தார். "ஊரில் பத்து ரூபாய்க் காசையே வாங்க மாட்டேன் என்கிறார்கள் அண்ணா, எனக்குப் பழகிவிட்டது" என்றார். தமிழ்நாட்டில் பல கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தைப் போலி என்று மறுத்து வந்ததும், 14 வடிவங்களில் வெளியான அனைத்தும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க நேர்ந்ததும் எனக்குத் தெரியும். அதே தவறை இங்கே நானும் செய்திருக்கிறேன் என்பது மனத்தை உறுத்தியது. ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு எந்த நாணயத்தையும் குறை சொல்வதில்லை என்று அன்று முடிவு செய்தேன். பின்னால் செய்த எல்லாமே அந்த முடிவிலிருந்துதான் வந்தன.

முதலில் தராசு. நகைக் கடைகளில் பயன்படுத்துவது போன்ற, 200 கிராம் வரை 0.01 கிராம் துல்லியத்தில் காட்டும் சிறிய மின்தராசு ஒன்றை 16 வெள்ளிக்கு வாங்கினேன். மூன்றாம் வரிசை ஒரு வெள்ளியின் எடை 7.62 கிராம், ஐம்பது காசு 6.56, இருபது காசு 3.85, பத்துக் காசு 2.36, ஐந்து காசு 1.70. இரண்டாம் வரிசையில் இவை முறையே 6.30, 7.29, 4.50, 2.60, 1.56 கிராம். அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு நிறுக்கத் தொடங்கினால், ஒரே நாணயம் ஒருமுறை 7.60 என்றும் மறுமுறை 7.66 என்றும் காட்டியது. தராசைக் குறை சொல்லி மாற்றித் தரக் கேட்கலாம் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறிதான் காரணம். விசிறியை நிறுத்தி, தராசின் மேல் பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து, அதில் எண் தெரியும் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்ட பிறகு எடை நிலைத்து நின்றது. மின்கலம் தேய்ந்தாலும் எண் நகரும் என்பதால், ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது 100 கிராம் படிக்கல்லை ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன்.

அச்சிட்ட அட்டவணையை மட்டும் நம்பாமல், வங்கியிலிருந்து நேரடியாக வாங்கிய சுருளிலிருந்து ஒவ்வொரு மதிப்பிலும் பத்து நாணயம் எடுத்து நிறுத்தேன். புதிய ஒரு வெள்ளிகள் பத்தும் 7.58-க்கும் 7.66-க்கும் இடையில் நின்றன. பழைய வரிசைக்குச் சுருள் கிடைக்காது என்பதால், மைத்துனரின் கல்லாவிலும் என் வீட்டு உண்டியலிலும் இருந்து ஆண்டு வேறுபட்ட பன்னிரண்டு நாணயங்களைத் தேர்ந்தெடுத்தேன். முப்பது ஆண்டு கைமாறிய நாணயம் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் எவ்வளவு என்று தெரியாமல் எடையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய ஒரு வெள்ளிகளில் மிகத் தேய்ந்தது 6.20 கிராம் இருந்தது. ஆகவே என் எல்லையை 6.15 என்று வைத்தேன். அழுக்கும் எடை தரும்: ஒட்டுப்பசை காய்ந்து படிந்திருந்த ஐந்து காசு ஒன்று, சோப்பு நீரில் ஊற வைத்துத் துடைத்த பிறகு 0.04 கிராம் குறைந்தது. உலோக மெருகுப் பசை போட்டுத் தேய்க்கக் கூடாது. அது முலாமையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

எடைக்கு அடுத்தது விட்டம். விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் என்னிடம் நல்லது ஒன்று உண்டு, புதிதாக வாங்கினால் ஏறக்குறைய 24 வெள்ளி ஆகும். ஆனால் கடையில் கூட்டம் நிற்கும்போது யாரும் காலிப்பர் பிடித்து அளந்துகொண்டிருக்க முடியாது. ஆகவே ஒட்டுப்பலகையில் ஐந்து துளைகள் போட்டு, சரியான நாணயம் மட்டும் நுழையும்படி ஒரு பலகை செய்ய முனைந்தேன். துளைப்பானின் முனைகள் புதிய ஒரு வெள்ளிக்கு வேண்டிய 24.65 மில்லிமீட்டரில் கிடைப்பதில்லை. 24-ல் துளைத்து அரை வட்ட அரத்தால் ராவிப் பெரிதாக்கினேன். இரண்டு மாலைகள் அதற்கே போயின. மூன்றாம் நாள் பெய்த மழைக்குப் பிறகு பார்த்தால் பலகை ஈரத்தில் உப்பி, நல்ல நாணயமே நுழையவில்லை. வார்னிஷ் பூசிப் பார்த்தேன். அது துளையை இன்னும் குறுக்கியது. நம் ஊர் ஈரப்பதத்தில் மரப்பலகையைக் கொண்டு பத்தில் ஒரு மில்லிமீட்டரைப் பிடிக்க நினைத்ததே தவறு. ஐந்து வெள்ளிப் பலகை குப்பைக்குப் போனது.

அந்த முயற்சி வீணானாலும், அப்போது கண்டுகொண்ட ஒரு விவரம் பிறகு மிகவும் பயன்பட்டது. பழைய ஐம்பது காசின் விட்டம் 24.66, புதிய ஒரு வெள்ளியின் விட்டம் 24.65. பழைய பத்துக் காசும் புதிய பத்துக் காசும் 18.50. இரண்டு வரிசை ஐந்து காசுகளும் 16.75. எவ்வளவு நுட்பமாகத் துளை போட்டாலும் இவற்றை விட்டம் ஒன்றால் பிரிக்க முடியாது. எடையும் காந்தமும் விட்டமும் மூன்றும் சேர்ந்து சொன்னால்தான் ஒரு நாணயம் தன்னை முழுதாகக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கிடையில் இன்னொரு வழியையும் முயன்றேன். தானியங்கி விற்பனை இயந்திரங்களில் நாணயம் காந்தப் புலத்தைக் கடந்து சறுக்கும் வேகத்தைக் கொண்டு போலியைப் பிரிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. செம்பு மெதுவாகவும் ஈயம் சற்று விரைவாகவும் சறுக்கும். 45 சென்டிமீட்டர் நீளத்தில் அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டிச் சாய்வாக நிறுத்தி, அடியில் நான்கு காந்தங்களை ஒட்டி, மேலிருந்து நாணயத்தை விட்டேன். முதலில் விட்டது புதிய ஒரு வெள்ளி. முதல் காந்தத்தை எட்டியதும் டக்கென்று நின்றுவிட்டது. நகத்தால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. எஃகு நாணயம் புழங்கும் ஊரில் அந்த முறை செல்லாது என்பதை யோசித்திருந்தால் காந்தம் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்கும். பழைய நாணயங்களை மட்டும் அதில் விட்டுப் பார்த்தபோது, அலுமினிய வெண்கலத்துக்கும் செம்பு நிக்கலுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வேக வித்தியாசம் இருந்தது. ஆனால் கையால் விடும்போது ஒவ்வொரு முறையும் வேகம் மாறுகிறது. அதை நம்பி முடிவெடுக்க மனம் ஒப்பவில்லை. சறுக்குப் பலகையைக் கழற்றி, அக்ரிலிக்கை அடுத்த கருவிக்கு அடித்தளமாக வெட்டிக்கொண்டேன்.

அந்தக் கருவிதான் நிலைத்தது. ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடை ஒன்றில் 9 வெள்ளிக்கு வாங்கிய இரண்டு அலுமினியப் பட்டைகளை, ஒரு முனையில் 27 மில்லிமீட்டரும் மறு முனையில் 15 மில்லிமீட்டரும் இடைவெளி இருக்கும்படி அக்ரிலிக் தகட்டின் மேல் திருகினேன். பட்டைகளின் நீளம் 240 மில்லிமீட்டர். அகன்ற வாயில் நாணயத்தைப் படுக்க வைத்துத் தள்ளினால், இடைவெளி அதன் விட்டத்துக்குச் சமமாகும் இடத்தில் அது நின்றுவிடும். 12 மில்லிமீட்டர் குறுகல் 240 மில்லிமீட்டர் நீளத்தில் பரவியிருப்பதால், விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பட்டையின் மேல் 20 மில்லிமீட்டராக விரிந்து தெரிகிறது. கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் ஐந்து மில்லிமீட்டர் இடப்பெயர்ச்சியாகக் கண்ணாலேயே காணலாம்.

கோடுகளைக் கணக்குப் போட்டுக் கீறவில்லை. நல்லதென்று உறுதியான நாணயங்களைத் தள்ளி, அவை நின்ற இடத்தில் ஊசியால் கீறி, கீறலில் வண்ண மை தேய்த்தேன்: புதிய வரிசைக்கு நீலம், பழைய வரிசைக்குச் சிவப்பு. தள்ளும் விசை கூடினால் நாணயம் ஒரு மில்லிமீட்டர் அளவு ஆழமாகப் போய் நிற்கிறது என்பதால், பலகையைச் சற்றுச் சாய்த்து, நாணயம் தன் எடையாலேயே இறங்கி நிற்கும்படி அமைத்தேன். ஒரு நாணயத்துக்கு நான்கு விநாடி போதும்.

இந்தக் கருவியை முழுதாகச் செய்து முடித்த அன்றே போத்தலைத் திறந்து 58 நாணயங்களையும் கொட்டினோம். மலேசிய நாணயங்கள் 21 இருந்தன. இந்தியாவுடையவை 6, புருணை 5, தாய்லாந்தின் பத்து பாட் 2, விளையாட்டுக் கூடத்து டோக்கன்கள் 3. சிங்கப்பூரின் சொந்த நாணயங்களாகவே இருந்தும் வளைந்தோ பசை படிந்தோ ஓரம் நசுங்கியோ போனதால் திரும்பியவை 19. மீதம் இரண்டுதான் உண்மையில் சோதிக்க வேண்டியவை.

மலேசியாவின் பொன்னிற 50 சென் நாணயம்தான் கடைக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது. அதன் விட்டம் 22.65, எடை 5.66 கிராம்; நம் பழைய ஒரு வெள்ளியின் விட்டம் 22.40, எடை 6.30. மாலை நேரக் கூட்டத்தில், விரலில் அரிசி மாவு ஒட்டியிருக்கும் கையில் வாங்கிப் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தியாவின் பொன்னிற ஐந்து ரூபாயும் அதே இனம்: 23 மில்லிமீட்டர், 6 கிராம். பட்டைக் கருவியில் முதலாவது சிவப்புக் கோட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்பும், இரண்டாவது பன்னிரண்டு மில்லிமீட்டர் முன்பும் நின்றுவிடுகின்றன. இவற்றை யாரும் வஞ்சகமாகக் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. மலேசியாவின் ஜோகூர் போய் வருபவரின் பையிலும் ஊருக்குப் போய் வந்தவரின் பையிலும் இரண்டு நாட்டுக் காசும் கலந்தே கிடக்கும்.

புருணை நாணயங்களை மைத்துனர் வெளிநாட்டுக் குவியலில் தள்ளப் பார்த்தார். 1967-ல் செய்துகொண்ட நாணய மாற்று உடன்பாட்டின்படி புருணை வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் சம மதிப்பில் இரு நாட்டிலும் ஏற்கப்படுகின்றன என்பதை எடுத்துச் சொன்ன பிறகுதான் அவை தனியாக ஒதுக்கப்பட்டன. அந்த ஐந்தில் ஒரு 50 சென் என் கருவியின் வாயிலேயே நுழையவில்லை. வாயின் அகலம் 27. நாணயம் அதைவிடப் பெரியது. சிங்கமீன் பொறித்த நம்முடைய முதல் வரிசை ஐம்பது காசும் 27.8 மில்லிமீட்டர் என்பதை வடிவமைக்கும்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி அந்த இரண்டு நாணயங்கள். இரண்டுமே பொன்னிறத்தில் இரண்டாம் வரிசை ஒரு வெள்ளிகள். முதலாவதில் ஆண்டு 1988. அதிலிருந்த அரசுச் சின்னத்தில், சிங்கமும் புலியும் தாங்கும் கேடயத்தின் கீழே ஓடும் "மஜுலா சிங்கப்பூரா" நாடா, நான் ஒப்பிட்டு வைத்திருந்த 1995-ஆம் ஆண்டு நாணயத்தின் நாடாவுக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தது. சின்னத்தையே தவறாகச் செதுக்கியிருக்கிறார்கள், கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்து போனேன். ஆனால் எடை 6.21, விட்டம் சிவப்புக் கோட்டில், காந்தம் ஒட்டவில்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது நாடா மட்டும் எப்படித் தவறாகும்? என் உண்டியலில் கிடந்த 1987, 1989 ஆண்டு நாணயங்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் நாடா அப்படியே இருந்தது. அந்த வளைவு 1992 முதல் மாற்றப்பட்டிருக்கிறது. நாணயம் நல்லதுதான்; விளிம்பு நசுங்கியிருந்ததால் இயந்திரம் தள்ளியிருக்க வேண்டும். ஒப்பிடும் நாணயம் அதே ஆண்டை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்ற விதி சுவர் அட்டவணையில் அன்று ஏறியது.

இரண்டாவது நாணயம் கையில் எடுத்ததுமே வழவழவென்று, சோப்புக்கட்டியைத் தொட்டது போல இருந்தது. எடை 5.48 கிராம். விட்டம் 22.1, சிவப்புக் கோட்டைத் தாண்டி ஆறு மில்லிமீட்டர் உள்ளே போய் நின்றது. அச்சில் உருக்கி வார்த்தது குளிரும்போது சுருங்கும். நல்ல நாணயத்தையே மாதிரியாக வைத்து வார்த்திருந்தால் அதைவிடச் சிறிதாகத்தான் வரும். கருங்கல் மேடையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டபோது மரக்கட்டை விழுந்த ஓசைதான் வந்தது. பழைய ஒரு வெள்ளி கணீரென்று ஒலிக்கும். (புதிய ஒரு வெள்ளியில் இந்தச் சோதனை வேண்டாம். வளையமும் நடுவட்டமும் தனித்தனி உலோகம் என்பதால் நல்லதே மந்தமாகத்தான் ஒலிக்கிறது.)

பிறகு நீரில் நிறுத்தேன். தராசின் மேல் சிறிய கோப்பையில் நீர் வைத்து எண்ணைச் சுழியமாக்கி, தையல் நூலில் கட்டிய நாணயத்தைக் கோப்பையின் அடியில் படாமல் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண்தான் அது விலக்கிய நீரின் எடை. சந்தேக நாணயத்துக்கு 0.75 கிராம் வந்தது, 5.48-ஐ அதனால் வகுத்தால் 7.3. நல்ல ஒரு வெள்ளிக்கு அதே முறையில் 8.1-ஐ ஒட்டி வந்தது. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3 என்பதை அறிந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் புருவம் உயர்த்துவார்கள். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று முறை நிறுத்து நடு எண்ணை எடுத்துக்கொண்டேன்.

விளிம்பைப் பார்க்க ஓர் எளிய வழி கண்டேன். இரண்டாம் வரிசை ஒரு வெள்ளியின் விளிம்பில் வரிகளுக்கு நடுவே நாட்டின் பெயர் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். நாணயத்தின் விளிம்பை முத்திரை மைப்பெட்டியில் ஒற்றி, வெள்ளைத்தாளில் ஒரு முழுச் சுற்று உருட்டினால், சுமார் 70 மில்லிமீட்டர் நீளத்துக்கு அந்த வரிகளும் எழுத்தும் பதிந்துவிடும். 1988 நாணயம் அழகாகப் பதிந்தது. சந்தேக நாணயத்தில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அரித்தது போன்ற மேடுபள்ளமும், சுற்று முழுவதும் ஓடும் மெல்லிய ஒட்டுக்கோடும்தான் தாளில் விழுந்தன. பொன்னிறப் பூச்சு அந்தக் கோட்டின் மேல் தேய்ந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

இத்தனைக்கும் பிறகு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை 12 வெள்ளிக்கு வாங்கி, நாணயத்தின் முகத்தை நிதானமாகப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நம் நாணயங்களில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் இருக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. "சிங்கப்பூர்" என்று எழுதினால் ங், ப், ர் என மூன்று புள்ளிகள் வரும். நல்ல நாணயத்தில் அந்த மூன்றும், முப்பது ஆண்டு தேய்ந்த பிறகும், எழுத்தின் தலையிலிருந்து பிரிந்து தனித்தனி மணியாக நிற்கின்றன. பூகாரத்தின் கீழ்ச்சுழி தெளிவாக மடங்குகிறது. சந்தேக நாணயத்தில் முதல் புள்ளி ஙகரத்தோடு கரைந்து ஒரு கட்டியாகியிருந்தது. நடுப்புள்ளி இல்லவே இல்லை. ரகரத்தின் மேல் ஒரு சிறு பள்ளம், உருக்கிய உலோகத்தில் காற்று வெளியேறிய தழும்பு. வேற்று எழுத்துக்காரர் பார்த்தால் தேய்மானம் என்றே கடந்துவிடுவார். புள்ளி இல்லாமல் அந்தச் சொல் தவறாகிறது என்பது தமிழ் படிக்கும் கண்ணுக்குத்தான் உடனே படும். நாணயத்தில் நம் எழுத்து இருப்பதைப் பெருமையாக எண்ணி வந்திருக்கிறேன். அது ஒரு காவலாகவும் இருக்கிறது என்பதை அந்த லென்ஸின் வழியாகத்தான் கண்டேன். இப்போது மைத்துனரின் மகளுக்கும் இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். காந்தமும் தராசும் எடுப்பதற்கு முன்பே அவள் புள்ளியை எண்ணுகிறாள்.

அந்த ஒரு நாணயத்தை, என் அளவுகள் எழுதிய தாளோடு உறையில் போட்டு, மைத்துனர் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். போலி என்று தெரிந்த பிறகு ஒரு வெள்ளிதானே என்று மறுபடியும் புழக்கத்தில் விடுவது குற்றம். கொடுத்தவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சண்டை போடுவதும் வேண்டாத வேலை, ஏனெனில் அவரும் எங்கோ ஏமாந்தவராகவே இருப்பார். மலேசியா தன் ஒரு ரிங்கிட் நாணயத்தை 2005 டிசம்பரில் முற்றாகத் திரும்பப் பெறும் நிலைக்கு வந்ததற்குப் போலிகளே காரணம். பிரிட்டனில் வட்டமான ஒரு பவுண்டு நாணயங்களில் சுமார் 3 விழுக்காடு போலி என்று கணக்கிடப்பட்டு, 2017-ல் பன்னிரண்டு முனை கொண்ட நாணயம் கொண்டுவரப்பட்டது. அவற்றோடு ஒப்பிட்டால், 58-ல் ஒன்று என்பதைக் கடையின் ஒரு மாதச் சில்லறை முழுவதோடும் வைத்துப் பார்க்கும்போது மிகவும் சிறியது.

இப்போது கடையில் நடைமுறை இதுதான். கல்லாவின் வலப்புறம் பட்டைக் கருவியும், கயிற்றில் கட்டிய ஒரு காந்தமும் இருக்கின்றன. பொன்னிற நாணயம் வந்தால் மட்டும் பட்டையில் இறக்கிப் பார்க்கிறார்கள். சிவப்புக் கோட்டில் நின்று, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் சரி. வெள்ளி நிறமும் பொன் நிறமும் சேர்ந்த புதிய ஒரு வெள்ளியில், சாய்த்துப் பார்த்தால் லேசரால் பொறித்த, நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் பூ தெரியும். அதற்கு லென்ஸ் போதும். தராசைக் கடை மூடிய பிறகுதான் எடுக்கிறார்கள். வாங்கும் இடத்தில் யாரிடமும் "கள்ளக் காசு" என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்பதை மைத்துனர் வேலையாட்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார். வேறு காசு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டால் போதும்.

மொத்தச் செலவு, காலிப்பரின் விலையையும் சேர்த்து, 80 வெள்ளி: காலிப்பர் 24, தராசு 16, லென்ஸ் 12, பட்டை 9, காந்தங்கள் 8, அக்ரிலிக் 6, வீணான பலகை 5. மைத்துனரின் கடைக்கு உண்மையில் தேவைப்பட்டவை பட்டை, அக்ரிலிக், ஒரு காந்தம், லென்ஸ் ஆகியவைதான். முப்பது வெள்ளிக்குள் முடித்திருக்கலாம்.

அடுத்த முறை செய்தால் வாயின் அகலத்தை 27-லிருந்து 29-ஆக்குவேன். முதல் வரிசை ஐம்பது காசும் புருணையின் 50 சென்னும் அப்போது நுழையும். நீளத்தையும் 280-ஆக்கினால் மில்லிமீட்டருக்கு 20 என்ற விரிவு குறையாது. அலுமினியம் மென்மையானது, ஐந்து வாரப் பயன்பாட்டிலேயே சிவப்புக் கோட்டின் அருகில் பட்டையின் உட்புறம் தேயத் தொடங்கிவிட்டது, காலிப்பரில் 0.03 மில்லிமீட்டர் காட்டுகிறது. துருப்பிடிக்காத எஃகுப் பட்டைக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன், 22 வெள்ளி என்றார்கள். அது வரும்வரை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறக்கும் முன், உறையில் தனியாக வைத்திருக்கும் அந்த 1988 நாணயத்தை இறக்கிக் கோட்டைச் சரிபார்த்துக்கொள்கிறோம்.